யார் உடம்பில் கற்பது? புல்காகவின் இளம் மருத்துவர் கதைகள்

மேஜையில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். வயிற்றில் குழந்தை குறுக்காகக் கிடக்கிறது. உள்ளே கையை விட்டு, காலைப் பிடித்துத் திருப்பி எடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு உயிரும் போகும். குளோரோஃபார்ம் தயாராகிக்கொண்டிருக்கிறது. திருப்ப வேண்டிய மருத்துவருக்கு வயது 24. இதற்கு முன் அவர் இதைச் செய்ததே இல்லை. சிகரெட்டை மறந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இருட்டில் தன் குடியிருப்புக்கு ஓடுகிறார். ஓடுவது சிகரெட்டுக்காக இல்லை, டோடர்லீன் எழுதிய மகப்பேறு அறுவை நூலைப் புரட்டிப் பார்ப்பதற்காக.

மிகயீல் புல்காகவின் ‘இளம் மருத்துவரின் குறிப்புகள்’ வரிசையில் வரும் கதை இது. முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன். நள்ளிரவில் சர்வர் விழுந்து, இருபது பேர் காலில் காத்திருக்க, “ஒரு நிமிஷம், நெட் சரியில்ல” என்று சொல்லிவிட்டு அவசரமாக ஆவணத்தைத் தேடும் மென்பொருள்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் தொழிலில் ரோல்பேக் என்று ஒன்று இருக்கிறது. புரொடக்‌ஷனில் ஏற்றுவதற்கு முன்னால் போட்டுப் பார்க்க வேறொரு இயந்திரம் இருக்கிறது. புல்காகவின் மருத்துவருக்கு அந்தப் பெண்தான் சோதனை இயந்திரம், அவளேதான் புரொடக்‌ஷனும். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

புல்காகவ் 1916இல் கீவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். அந்த ஆண்டே ஸ்மலியென்ஸ்க் மாகாணத்தின் நிக்கோல்ஸ்கயெ என்ற சிற்றூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டு அங்கே தனியாளாக வேலை பார்த்தார். கதைகளில் அந்த ஊருக்குப் பெயர் வேறு. கதைகளை எழுதி வெளியிட்டது பிறகு, 1925, 1926 ஆண்டுகளில். பெரும்பாலானவை ‘மருத்துவப் பணியாளர்’ என்ற மாஸ்கோ பத்திரிகையில் வந்தன. இதை நான் முக்கியமான தகவலாக நினைக்கிறேன். இந்தக் கதைகளின் முதல் வாசகர்கள் இலக்கிய ரசிகர்கள் அல்லர். மருத்துவர்களும் மருத்துவ ஊழியர்களும்தான். சக தொழிலாளிகளுக்கு முன் பெருமையடிக்க முடியாது. எங்கே பொய் சொல்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் இந்தக் கதைகள் பொதுவாக வீரக் கதைகளாகவே படிக்கப்படுகின்றன. பனி, தனிமை, அறியாமையில் மூழ்கிய குடியானவர்கள், அவர்கள் நடுவே விளக்கோடு நிற்கும் ஒரு படித்த இளைஞன். 2012இல் டேனியல் ராட்கிளிஃபை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் இதை ரத்தம் தெறிக்கும் கறுப்பு நகைச்சுவையாக மாற்றியது. பார்க்கலாம், ஆனால் கதைகளில் இருக்கும் முக்கியமான ஒன்று அதில் இல்லை: ஒரு மனிதன் எப்படி வேலை கற்றுக்கொள்கிறான் என்பது. என் வாசிப்பில் இவை பயிற்சிக் கதைகள்.

ஆசிரியர்கள் யார் என்று பாருங்கள். அன்னா நிக்கோலயெவ்னா, பெலகேயா இவானவ்னா என்று இரண்டு மருத்துவச்சிகள். தெம்யான் லூகிச் என்ற ஃபெல்ட்ஷர். ஃபெல்ட்ஷர் என்றால் நம்மூர்க் கம்பவுண்டருக்கும் டாக்டருக்கும் நடுவில் வைக்கத்தக்க ஒரு பதவி. மூவரும் பதவியில் கீழே, அனுபவத்தில் மேலே. இளம் மருத்துவர் 15 பாடங்களில் முதல்தர மதிப்பெண் வாங்கியவர். முந்தைய மருத்துவர் லியபோல்ட் விட்டுப்போன பெரிய நூலகமும் கையில் இருக்கிறது. இருந்தும், அந்தப் பிரசவ இரவில் அவர் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அன்னா நிக்கோலயெவ்னா சாதாரணமாகப் பேச்சுக்கொடுக்கிறாள். முந்தைய டாக்டர் இதை எப்படிச் செய்வார் என்று விவரிக்கிறாள். மேலதிகாரிக்குப் பாடம் எடுப்பதாக அவள் காட்டிக்கொள்வதே இல்லை. தேர்வுக்குப் படித்த அத்தனையையும்விட அந்தப் பத்து நிமிடம் அதிகம் தந்தது என்று அவர் பிறகு நினைக்கிறார். அதற்கு முன் ஓடிப்போய்ப் பிரித்த டோடர்லீனில் கண்ணில் பட்டதெல்லாம் ஆபத்துகளின் பட்டியல்தான். ஒரு வாக்கியம் இன்னொன்றை மறித்து நிற்கிறது.

என் தங்கை ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஆண்டில் இந்த இடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “எல்லா லேபர் வார்டுலயும் ஒரு அன்னா இருப்பாங்கண்ணா, ஆனா கேஸ் ஷீட்ல அவங்க பேரு இருக்காது” என்றாள்.

அவளிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. சட்டைப்பைக்குள் அடங்குவது. மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறி வந்த டிப்ஸ்களும் அவளே சேர்த்தவையும் அதில் இருந்தன. நோயாளியின் வலப்பக்கம் நில். வயிற்றைத் தொடுவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேள், அந்த இடத்தைக் கடைசியில் தொடு. அழுத்தும்போது வயிற்றைப் பார்க்காதே, முகத்தைப் பார். வென்ஃப்ளான் போடுவதற்கு முன் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல், நரம்பு எழும்பும்.

நல்ல குறிப்புகள். இவற்றில் பல, 1897இல் முதலில் வந்து இன்றும் புதுப்பிக்கப்பட்டுவரும் ஹட்சிசனின் ‘கிளினிக்கல் மெத்தட்ஸ்’ மாதிரியான நூல்களின் மரபில் வருபவை. வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொடுவதற்குக் காரணமும் இருக்கிறது. முதலிலேயே அங்கே கை வைத்தால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், பிறகு எங்கேயும் ஒன்றும் தட்டுப்படாது. முகத்தைப் பார்க்கச் சொல்வதும் அப்படித்தான். வாய் ‘இல்லை’ என்று சொல்லும்போது புருவம் வேறொன்று சொல்லும். மரியாதையும் தொழில்நுட்பமும் ஒரே செயலில் கலந்திருக்கின்றன. எந்த மென்பொருள் கையேட்டிலும் இப்படி ஒரு வரி நான் பார்த்ததில்லை.

ஆனால் குறிப்பேட்டால் முடியாதது ஒன்று உண்டு. புல்காகவ் அதைத்தான் காட்டுகிறார். பிரசவம் முடிந்து குழந்தை பிழைத்த பிறகு, இரவில் அறைக்குத் திரும்பிய மருத்துவர் அதே டோடர்லீனை மறுபடி எடுக்கிறார். அதே பக்கங்கள். இப்போது ஒவ்வொரு வரியும் தெளிவாக இருக்கிறது. படித்துவிட்டுச் செய்வது என்ற வரிசையை நாம் இயல்பென்று நினைக்கிறோம். இங்கே அது கவிழ்ந்துவிடுகிறது: கை அறிந்த பிறகுதான் புத்தகம் திறக்கிறது. எனக்குத் தெரிந்து மருத்துவக் கல்வியைப் பற்றி இதைவிடத் துல்லியமாக எழுதப்பட்ட இரண்டு பக்கங்கள் இல்லை. சாமுவெல் ஷெம்மின் ‘தி ஹவுஸ் ஆஃப் காட்’ (1978) பயிற்சி மருத்துவர்களின் வேதநூல் மாதிரி கொண்டாடப்படுகிறது. அதில் கோபம் இருக்கிறது, கிண்டல் இருக்கிறது. கையும் புத்தகமும் சந்திக்கும் இப்படியொரு இரவு இல்லை.

சரி, கை எப்படி அறிந்தது? ஒரு பெண்ணின் உடம்புக்குள் போய் அறிந்தது. அவள் மயக்கத்தில் இருந்தாள்.

‘சேவல் போட்ட துண்டு’ கதையில் சணல் நசுக்கும் எந்திரத்தில் மாட்டிச் சிதைந்த கால்களோடு ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள். செத்துவிடுவாள் என்று ஃபெல்ட்ஷர் சொல்கிறார். மருத்துவரே மனத்துக்குள் அவள் சீக்கிரம் இறந்துவிட வேண்டும் என்று வேண்டுகிறார். இறந்துவிட்டால் வெட்ட வேண்டியதில்லை. அவள் சாவதாக இல்லை. வெட்டுகிறார். முடிந்த பிறகு, நீங்கள் இதை நிறையச் செய்திருப்பீர்களே என்று அன்னா நிக்கோலயெவ்னா வியக்கிறாள். இரண்டு செய்திருப்பதாகப் பதில் வருகிறது. பொய்.

ஏன் இரண்டு? நிறைய என்று சொன்னால் மாட்டிக்கொள்வார், ஒன்று என்றால் இதுதானா அந்த ஒன்று என்று கேட்பாள். பயிற்சி என்ற மொத்த ஏற்பாடும் இந்தச் சின்னப் பொய்மேல்தான் நிற்கிறது. என் தங்கையிடம் ஒரு தாத்தா, அவள் ஊசியோடு தயங்கியதைப் பார்த்துவிட்டு, “மொத தடவையா பாப்பா?” என்று கேட்டாராம். “இல்ல தாத்தா, நெறைய போட்டிருக்கேன்” என்றிருக்கிறாள். தாத்தா, “பரவால்ல, குத்து” என்று கையை நீட்டியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

அதுல் கவாண்டே ‘காம்ப்ளிகேஷன்ஸ்’ (2002) நூலின் தொடக்கத்தில் இந்தப் பொய்யை எடுத்து வெளிச்சத்தில் வைக்கிறார். மார்பின் பெரிய சிரைக்குள் குழாய் செலுத்தக் கற்றதை, தான் தடுமாறியதை, நோயாளியிடம் முழுதாகச் சொல்லாததை எழுதுகிறார். யாராவது யார்மீதாவது கற்றுத்தான் ஆகவேண்டும், கேட்டால் பலர் மறுப்பார்கள், ஆகவே கேட்காமல் நடக்கிறது. பிறகு வருவதுதான் அந்த அத்தியாயத்தின் கனமான இடம். இதயக் குறையோடு பிறந்த தன் மகனைத் தொடர்ந்து பார்க்க, பயிற்சியில் இருக்கும் மருத்துவர் ஒருவர் முன்வந்தபோது, கவாண்டே மூத்த நிபுணரைத்தான் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுக்க அவரால் முடிந்தது. முடியாதவர்கள் மீதுதான் கற்றல் நடக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். நம்மூரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. அரசு மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்று ஒருவர் வயிற்றை மாறி மாறி அழுத்துவதைப் பார்த்த எவருக்கும் தெரியும். கார்ப்பரேட் மருத்துவமனையின் தனியறையில் எட்டுப் பேர் நிற்பதில்லை. 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் ஆய்வகங்களைக் கொண்டுவந்தது. பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகலாம். நல்ல விஷயம்தான். ஆனால் பொம்மைக் கையின் நரம்பு ஒருபோதும் நழுவாது. முதல் மனிதக் கை எப்போதும் இன்னொருவருடையதுதான்.

இங்கேதான் புல்காகவோடு எனக்குச் சண்டை. அவர் கதைகளில் முதல் தடவைகள் எல்லாமே வென்றுவிடுகின்றன. காலை வெட்டிய பெண் பிழைக்கிறாள். ஊன்றுகோலில் வந்து சிவப்புச் சேவல் பின்னிய துண்டைப் பரிசளிக்கிறாள். குழந்தை திரும்புகிறது. ‘எஃகுத் தொண்டை’யில் தொண்டை அடைப்பான் வந்த சிறுமிக்கு மூச்சுக்குழாயில் துளை போடும்போது, கொக்கியைப் பிடித்திருந்த ஃபெல்ட்ஷரே மயங்கி விழுகிறார், அப்போதும் சிறுமி பிழைக்கிறாள். ‘பனிப்புயல்’ கதையில் ஒரு பெண் இறக்கிறாள், ஆனால் மருத்துவர் போய்ச் சேரும்போதே காப்பாற்றும் நிலை கடந்துவிட்டது. நடந்தவையே இவை என்று வைத்துக்கொண்டாலும், எதைக் கதையாக்குவது என்பது எழுதுபவரின் முடிவு. வெற்றி அந்தப் பொய்யை மன்னித்துவிடுகிறது. தோல்வி வந்திருந்தால் ‘இரண்டு’ என்ற அந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும்?

நோயாளிகளின் குரலும் குறைவு. ‘எகிப்திய இருள்’ என்று தலைப்பே ஒரு கதைக்கு. மலேரியா மருந்துப் பொடிகளை மொத்தமாக ஒரே வேளையில் விழுங்கிவிடும் ஆளைப் பார்த்து நாம் மருத்துவரோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ‘எஃகுத் தொண்டை’யில் தாயும் பாட்டியும் கழுத்தில் கத்தி வைக்க விடமாட்டோம் என்கிறார்கள். அவர் அவர்களைத் திட்டுகிறார். உள்ளுக்குள்ளோ, இந்தக் குழந்தையை நானே கொன்றுவிடுவேனே என்று நடுங்குகிறார். கூர்ந்து பார்த்தால் அந்த அறையில் தாயும் மருத்துவரும் ஒரே விஷயத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். அவள் பயத்துக்கு அறியாமை என்று பெயர். அவருடைய பயத்துக்குப் பெயரே இல்லை, வெளியே சொல்லாததால்.

இதையெல்லாம் புல்காகவ் உணராதவர் இல்லை என்பதற்குச் சாட்சி ‘காணாமல் போன கண்’. என் கணக்கில் வரிசையின் சிறந்த கதை அதுதான், அதிகம் பேசப்படாததும் அதுதான். ஓராண்டு முடிகிறது. மருத்துவர் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறார், முகம் முதிர்ந்திருக்கிறது. பல் பிடுங்கப் போய்த் தாடை எலும்பின் துண்டையும் சேர்த்துப் பிடுங்கியதை நினைவுகூர்கிறார். ஆனாலும் இனி எதுவும் தன்னை மிரட்டாது என்று ஒரு நிறைவு. அப்போது ஒருத்தி கைக்குழந்தையோடு வருகிறாள். ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில் முட்டை அளவு வீக்கம். இந்தக் கண் எங்கே போனது என்று மருத்துவர் குழம்புகிறார், என்னென்னவோ பயங்கர நோய்களை யோசிக்கிறார், கடைசியில் வெட்டிப் பார்த்துவிடுவோம் என்கிறார். அவள் சம்மதிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

ஒரு வாரம் கழித்து அவளே வருகிறாள். குழந்தைக்கு இரண்டு கண்களும் இருக்கின்றன. கீழிமையில் சீழ் கட்டி வீங்கிக் கண்ணை மறைத்திருந்தது, தானாக உடைந்து வடிந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றைக்கு வெட்டச் சொன்னீர்களே என்று கேலியாகச் சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்துபோகிறாள். இனியும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் தீர்மானிக்கிறார். கதை அவரோடு நின்றுவிடுகிறது. கூடவே போய் அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்: வெட்ட வேண்டாம் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?