ஆதாரமும் முகவரியும்

வலையபட்டியில் எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டு அறையில், முன்னோர் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்துப் பேரேடுகள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றில் எந்தப் பற்றை எடுத்துப் பார்த்தாலும், அது எந்தக் குறிப்பேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து எந்தத் தேதியில் ஏறியது என்பது ஓரத்தில் எழுதப்பட்டிருப்பதால், மூன்று தலைமுறை கழித்து வந்த நானும் அந்தத் தொகையின் மூலத்தைத் தேடிக் காண முடிகிறது. அந்தப் பழக்கத்தோடு, எங்கள் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றிய ஓர் ஆய்வேட்டின் ஆதாரப் பட்டியலை அண்மையில் சரிபார்க்க உட்கார்ந்தேன். அரசாங்க அறிக்கைகளுக்குக் கொடுத்திருந்த இணைய முகவரிகளில் பாதிக்கு மேல் திறக்கவில்லை. திறந்த ஒன்றிலும் ஆய்வாளர் பார்த்த அட்டவணை போய், வேறோர் ஆண்டின் அட்டவணை இருந்தது. அவர் எழுதியது உண்மையாகவே இருக்கலாம். அதைப் பரீட்சிக்கும் வழி வாசகனுக்கு அடைபட்டுவிட்டது.

இதனால் இணைய அறிக்கைகளை ஆதாரமாகக் காட்டுவதே தவறு என்போருடன் எனக்குச் சம்மதமில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அகழாய்வு அறிக்கை இணையத்திலும் கிடைத்தபடியால், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்கு அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று கி.மு. 580 என்று காலம் கணித்ததை, பெரிய நூலகங்களின் வாசலை மிதிக்காத மாணவனும் மூலத்திலேயே படிக்க முடிந்தது. அதே கீழடியைப் பற்றி, அங்கு அகழாய்வு நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் அளித்த 982 பக்க அறிக்கையோ, 2025 மே மாதத்தில் திருத்தம் கோரித் திருப்பப்பட்டது. இடைப்பட்ட இரண்டாண்டுக்கு மேல், அதைக் குறித்து எழுதியவர்கள் பத்திரிகைச் செய்தியையே பற்றுக்கோடாகக் கொள்ள நேர்ந்தது.

ஆயினும், பொறுப்பு முழுவதும் முகவரியோடு முடிவதில்லை. கி.மு. 580 என்பது ஒரு மாதிரியை அளந்து பெற்ற முடிவு. அதைக் கொண்டு, பானை ஓடுகளில் உள்ள தமிழி எழுத்து கி.மு. ஆறாம் நூற்றாண்டினது என்பது மண்ணடுக்கை வைத்துத் தமிழ்நாட்டுத் துறை செய்த அனுமானம். இவ்விரண்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள் ஒரே ஆதாரமாகப் போடும் கட்டுரைகளைக் காணும்போது என் மனம் வேதனைப்படுகிறது. ஏனெனில் அறிக்கையை வெளியிடுவதும், அத்துறையைச் சாராத அறிஞர்கள் பரிசீலித்து ஒப்புவதும் வெவ்வேறு காரியங்கள் என்ற விவேகம் அங்கே மறைந்துபோகிறது.

இணைய முகவரிகள் பழுதாவது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. 1997 முதல் 2012 வரை வந்த லட்சக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகளைச் சோதித்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்தில் ஒரு கட்டுரையின் இணைய ஆதாரம் பழுதுபட்டிருப்பதாகக் கண்டது. காகிதத்துக்காவது கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற ஒருவர் கிடைத்தார். பிறர் கழித்ததையெல்லாம் அவர் சேர்த்து வைத்தமையால்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் நிற்கிறது. இணையக் கோப்புக்கு அத்தகைய காவலர், அதைப் பயன்படுத்திய ஆய்வாளரே. ஆதலால் அறிக்கையின் தலைப்பு, துறை, ஆண்டு, பக்கம், பார்த்த தேதி ஆகியவற்றை எழுதுவதோடு, தாம் படித்த கோப்பின் பிரதியொன்றை ஆய்வேட்டுடன் தம் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்குமாறு நம் ஆய்வு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.