90 போதும்

இத்தாலியக் கடலில் மூச்சடக்கி ஈட்டியால் மீன் பிடிப்பவர் ஒரு நாளில் 5 கிலோவுக்கு மேல் கரையேற்றக் கூடாது. ஒற்றை மீனே அதைவிடக் கனமாக இருந்தால் மட்டும் விலக்கு. களவா என்றால் நாளுக்கு ஒன்றுதான். சிலிண்டர் கட்டிக்கொண்டு வேட்டையாடத் தடை, இருட்டியபின் தடை. 1968இல் போட்டுப் பின்னர் திருத்திய விதிகளின் சாரம் இது. சார்டினியாவின் பாறைக் கரையில் இறங்குகிறவர் எந்த ஸ்பியர்கன்னை வாங்குவது என்று யோசிக்கும்போது, முதலில் இந்த 5 கிலோவை மனத்தில் வைக்க வேண்டும். கடைப் பேச்சோ வேகம், தூரம், எத்தனை ரப்பர் என்றே ஓடுகிறது. சூரை பிடிக்கும் ஆயுதத்தைச் ‘சார்கோ’ என்ற சிறிய பாறைமீன் பிடிக்கப்போகிறவர் தலையில் கட்டுவது எளிது.

களத்தில் இருப்பவை மூன்று வகை: சாதாரண ரப்பர் துப்பாக்கி, ரோலர், காற்றழுத்தத் துப்பாக்கி.

ரப்பர் துப்பாக்கி பழைய ஆள். மார்செய்யில் ஜார்ஜ் பெஷா 1947இல் கொண்டுவந்த ‘டார்சான்’ முதல் இன்றுவரை மரம் அலுமினியமாகி, அலுமினியம் கார்பன் ஃபைபராகியிருக்கிறது. வேலை செய்யும் முறை மாறவில்லை. முன்முனையில் கோர்த்த ரப்பரை இழுத்து ஈட்டியின் வெட்டில் மாட்டுகிறோம். விசையை அழுத்தினால் அது சுருங்கி ஈட்டியைத் தள்ளுகிறது. குறையும் இதிலேயே இருக்கிறது. 90 செ.மீ. துப்பாக்கியில் ரப்பர் இழுபடும் பாதை ஏறக்குறைய 80 செ.மீ. என்று கொள்வோம். மூன்றேகால் மடங்கு நீளும்படி வெட்டிய ரப்பர் ஒரு பக்கத்துக்கு 22, 23 செ.மீ. இருக்கும், ஈட்டியில் மாட்டும் கயிற்று வளையம் இன்னொரு 5. ஆகக் கடைசி 27 செ.மீ. தூரம் ரப்பர் தளர்ந்து தொங்க, ஈட்டி ஏற்கெனவே வாங்கிய வேகத்தில்தான் போகிறது. பாதையில் மூன்றில் ஒரு பங்கு சும்மா.

ரோலரின் வாதம் முழுக்க இந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றியதுதான், அதில் நியாயம் உண்டு. முனையில் சக்கரங்கள் வைத்து, ரப்பரைக் குழலுக்கு அடியிலும் ஓடவிடுகிறார்கள். முன்கூட்டியே இழுபட்டிருப்பதால் ஈட்டி முனையைத் தாண்டும்வரை தள்ளல் நிற்பதில்லை, பின்னுதைப்பும் குறைவு. 75 செ.மீ. ரோலர் 90 செ.மீ. சாதாரணத் துப்பாக்கிக்கு ஈடுகொடுக்கும் என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அலையில் மிதந்தபடி இரண்டு கட்டமாக ரப்பர் ஏற்றுவது புதியவருக்குப் பெரும்பாடு. முனை கனத்துவிடுவதால் பக்கவாட்டில் திருப்பும்போது தண்ணீர் பிடித்து இழுக்கிறது. வேட்டை முடிந்ததும் அந்த முன்னிழுவையைத் தளர்த்தி வைக்காவிட்டால் ரப்பர் சீக்கிரம் சோர்ந்துபோகும். கிடைக்கும் கூடுதல் விசை உண்மைதான். 5 கிலோ வரம்புக்குள் வேட்டையாடுபவர் அதைச் செலவிட இடம் எங்கே?

காற்றழுத்தத் துப்பாக்கிக்கு இத்தாலியில் தனிப் பாசம் உண்டு. மாரேஸ் நிறுவனத்தின் ‘ஸ்டென்’ அங்கே தலைமுறைகள் தாண்டி நிற்கும் பெயர். குழலுக்குள் சுமார் 20 பார் காற்று. ஈட்டியை உள்ளே திணிக்கையில் பிஸ்டன் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்கிறது. குழலின் உள்விட்டம் 13 மி.மீ. என்றால் திணிக்கத் தேவைப்படும் விசை ஏறக்குறைய 27 கிலோ, 11 மி.மீ. என்றால் 19. குட்டையாக இருந்தும் கடைசிவரை தள்ளும். பாறைப் பொந்தில் தலையை நுழைத்துத் தேடும் ‘தானா’ வேட்டைக்கு இதை அடிக்க வேறொன்று இல்லை. திறந்த நீரில் இதே ஆள் தடுமாறுகிறது: தடித்த குழலுக்கு மேலே பார்வைக்கோடு தெளிவாகக் கிடைப்பதில்லை, சுட்டால் சத்தம் கூடுதல், தேய்ந்த ஓ-ரிங்கை மாற்றப் பழுதுபார்ப்பவரைத் தேடிப் போக வேண்டும். ரப்பர் அறுந்தால் படகிலேயே கத்தரிக்கோலும் கயிறும் வைத்து வேலையை முடிக்கலாம்.

அடுத்தது நீளம். கண் எட்டும் தூரமே இதை முடிவு செய்யும். சார்டினியத் தெளிநீரில் தரையில் படுத்துக் காத்திருக்கும் ‘அஸ்பெத்தோ’வுக்கு 90 முதல் 100 செ.மீ. பொருந்தும், கலங்கலான வட அத்ரியாத்திக்கில் 75க்கு மேல் வைத்தால், மீன் கண்ணில் படும்போது துப்பாக்கி முனை அதன் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும். ‘எட்டவில்லை, இன்னும் நீளம் வேண்டும்’ என்ற புலம்பலில் பாதி கண்ணாடியின் வேலை. முகமூடிக்குள்ளிருந்து பார்த்தால் மீன் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரியும். 4 மீட்டரில் நிற்கும் சார்கோ 3 மீட்டரில் நிற்பதுபோல் இருக்கும். தவறிப்போனால் பழி துப்பாக்கி மேல் விழுகிறது.

வாங்கியபின் செய்யும் அமைப்பில்தான் பணம் வீணாவதும் பயனாவதும். மிகவும் பரவலான தப்பு, மெல்லிய ஈட்டிக்கு இரண்டு தடித்த ரப்பர் போடுவது. 6.5 மி.மீ. ஈட்டி 130 செ.மீ. நீளத்தில் சுமார் 336 கிராம், 7 மி.மீ. 390 கிராம். எடை 16 சதவீதமே கூடுகிறது, வளையாமல் நிற்கும் திறனோ 35 சதவீதம் ஏறுகிறது, ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்வது. ஆகவே இரட்டை ரப்பர் கேட்பவர் 7க்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் ஈட்டி சாட்டைபோல் நெளிந்துகொண்டே போய் வேகத்தை நெளிவிலேயே கரைத்துவிடும். 7 போட்டால் இன்னொரு கணக்கு வரும்: அந்த 54 கிராமில் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளும் எடையாகவே நிற்பதால் முனை சாய்கிறது, நீட்டிப் பிடித்த மணிக்கட்டு நோகிறது. 6.5 ஈட்டி, 17 அல்லது 18 மி.மீ. ஒற்றை ரப்பர், இதற்கு ஏற்ற இலேசான குழல் என்பதே என் தேர்வு. சுட்டபின் துப்பாக்கி தானாக மிதந்து நிற்க வேண்டும். மூழ்கினால் அந்தக் குழல் வேண்டாம்.

சரிபார்ப்பது மீன் மேல் வேண்டாம். மணல் தரைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிவிட்டு 3 மீட்டரிலிருந்து சுட்டுப் பாருங்கள். அடிகள் எல்லாம் மேலே ஏறினால் ரப்பர் மிகை, அரை அங்குலம் நீளமாக வெட்டிய ஒன்றை மாட்ட வேண்டும். ஒரே பக்கம் விலகினால் ஈட்டியைக் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். வளைவு இருந்தால் இடைவெளி திறந்து மூடுவது தெரியும். ஈட்டியைத் துப்பாக்கியோடு இணைக்கும் தங்கூசியை இரண்டு சுற்று கட்டுவது போதும். பொந்துக்குள் ஓடும் களவாவைக் குறிவைப்பவர் ரீல் வைத்துக்கொள்ளட்டும். பூட்டு விசையை நம்பித் தண்ணீருக்கு வெளியே ரப்பர் ஏற்றவே கூடாது, சட்டமும் அதைத் தடுக்கிறது.

தீர்ப்பு: ஒரே ஒரு துப்பாக்கி வாங்குவதானால் 90 செ.மீ. சாதாரண ரப்பர். இரண்டாவது வாங்கக் காசிருந்தால், பொந்து வேட்டைக்காக 50 செ.மீ. காற்றழுத்தம். ரோலரின் முறை மூன்றாவது. கேனில் 3 மீட்டரிலிருந்து தொடர்ந்து அடி விழாதவருக்கு அதுவும் வேண்டாம்.