இருவர் ஆடும் கதை

கணினி விளையாட்டை இலக்கிய ஏட்டில் விமர்சிப்பதா என்று முகம் சுளிப்போர் உளர். நாவலையும் சினிமாவையும் ஒரு காலத்தில் இவ்வாறே ஒதுக்கினர். நம் மாணவர்கள் இரவு பகலாய் நுகரும் எதுவும் அவர்தம் உள்ளத்தை உருவாக்கியே தீரும். ஆகவே அதன் கருத்தை ஆராய்வது நம் கடமை.

சந்தையில் மலிந்திருப்பவை தனி வீரனின் வெற்றியைப் போற்றும் ஆட்டங்களே. ஸ்வீடனின் ஹேஸ்லைட் நிறுவனத்தார் ஜோசப் ஃபாரெஸின் இயக்கத்தில் படைத்த மூன்று விளையாட்டுகள் இதற்கு விலக்கு: 'எ வே அவுட்' (2018), 'இட் டேக்ஸ் டூ' (2021), 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' (2025). இவற்றைத் தனியொருவர் ஆட முடியாது. ஒருவர் கையில் ஆணி, மற்றவர் கையில் சுத்தியல். முன்னவர் ஆணியைச் சுவரில் பதித்தாலன்றிப் பின்னவர் அதில் தொங்கிப் பள்ளத்தைக் கடத்தல் இயலாது. ஒருவர் விலை கொடுத்து வாங்கினால் தோழர் இலவசமாகவே உடன் ஆடலாம். உழைப்பின் இயல்பு கூட்டுறவே என்பதைப் பிரசங்கமின்றி விரல்களுக்குக் கற்பிக்கும் உருவம் இது.

உருவம் இவ்வாறு முற்போக்கானது. உள்ளடக்கமோ?

'இட் டேக்ஸ் டூ' பிரியவிருக்கும் தம்பதியரைச் சேர்த்துவைக்கும் கதை. மனைவி மே வேலையிலேயே மூழ்கியிருக்கிறாள். அந்த வேலை மனிதரை ஏன் விழுங்குகிறது என்ற வினா எழவேயில்லை. அன்பு குறைந்ததே குற்றம் எனப்படுகிறது. 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' மேலும் துணிகிறது. நூல் வெளிவராத இளம் எழுத்தாளர்களை அழைத்து, அவர்தம் கற்பனையை இயந்திரத்தால் உறிஞ்ச முயலும் பதிப்பு முதலாளியை அது காட்டுகிறது. எழுத்தும் உழைப்பே, அதுவும் திருடப்படுகிறது என்னும் இவ்வுண்மை எழுதுவோர் யாவரையும் சுடும். ஆயினும் குற்றம் ஒரு தீயவனின் பேராசையாகச் சுருங்கிவிடுகிறது. சிக்குண்ட எழுத்தாளர்கள் காப்பாற்றப்படுகிறார்களேயன்றி ஒன்றுபட்டு எழவில்லை. இக்கதையையும் அமெரிக்கப் பெருநிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்தான் விற்கிறது என்பதையும் மறத்தற்கில்லை.

நம்மை மிகவும் உலுக்கியது 'எ வே அவுட்'. ஓட்டமாவடி வீடொன்றில், அவ்வூர் மாணவர் ஒருவரும் வாழைச்சேனை மாணவர் ஒருவரும் இதனை ஆடக் கண்டோம். சிறையிலிருந்து தப்பும் லியோவும் வின்சென்டும் முதுகோடு முதுகு சேர்த்துச் செங்குத்தான இடுக்கில் ஏறுகின்றனர். ஒருவர் தவறினால் இருவரும் வீழ்வர். மாணவர்கள் ஒரே தாளத்தில் விரல் அசைத்தனர். இறுதியிலோ வின்சென்ட் பொலிஸ்காரன் என்பது வெளிப்படுகிறது. இருவரும் ஒருவரையொருவர் சுட்டாக வேண்டும், ஒருவர் சாக வேண்டும். வென்ற மாணவர் சிரிக்கவில்லை.

ஃபாரெஸ் பெய்ரூத்தில் பிறந்து, லெபனான் உள்நாட்டுப் போரினின்று தப்பிப் பத்து வயதில் ஸ்வீடனை அடைந்தவர். 2005இல் அவர் எடுத்த 'ஸோஸோ' என்னும் திரைப்படம் அத்தகைய சிறுவனின் கதையே. அயலான் பகைவனாகும் கொடுமை அவருக்குத் தெரியும். நமக்கும் தெரியும். பிட்டும் தேங்காய்ப்பூவும்போல் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் 1990இலும் 2002இலும் ஒருவரையொருவர் அஞ்சி நின்ற மண்ணன்றோ இது! ஆகவே அந்தத் துயரத்தை நாம் பொய்யென்று கூறோம். ஆனால் அதனை விதியெனக் காட்டுவதை ஏற்கோம். இருவர் கையிலும் துப்பாக்கியைத் திணித்தது யார், அதனால் ஆதாயம் அடைந்தது யார் என்று கேளாத துன்பியல் அரை உண்மையே.

நம் மட்டக்களப்புக் கொம்புமுறியில் ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து இழுக்கும். வசையும் கேலியும் எழும். முறிவது மரக்கொம்பே, மனிதர் அல்லர். போட்டியையும் கூடி வாழ்தலின் அங்கமாக்கக் கற்றவர் நம் முன்னோர்.

அந்த அறிவோடு நம் இளைஞர்கள் கணினியின் முன் அமரட்டும். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாய் நின்று வைக்கோலைக் கடதாசியாக்கினர். அங்கே இருவர் ஆடத்தக்க கதை இல்லையா? இறுதிக் காட்சியில் எவரைச் சுடுவது என்று அது கேட்காது. ஆலை ஏன் நலிந்தது என்று இருவரையும் சேர்ந்து கேட்கச் செய்யும். அத்தகைய ஆட்டம் தமிழில் பிறக்கும் நாளை எதிர்பார்த்திருப்பதோடு நில்லாது, அதற்கான மாணவர்களை நம் வகுப்பறைகளில் உருவாக்குவோம்.