தோடி காந்தாரமும் ஐந்து இயல்களும்

இசைத்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வருகிறவர் கையில் முதலில் ஏறுவது ஒரு படிவம். தலைப்பு, நோக்கம், கருதுகோள், முன்னாய்வுகள், ஆய்வு முறை, இயல் பகுப்பு. பத்துப் பதினைந்து வருஷம் பாடாந்தரம் பண்ணியவருக்கு ‘கருதுகோள்’ என்ற சொல்லே புதிது. நெறியாளர் பழைய ஆய்வேடு ஒன்றை எடுத்துக் கொடுத்து, “இதைப் பார்த்து எழுதிட்டு வாம்மா” என்பார். ஒரே வாரத்தில் சினாப்சிஸ் தயார்.

இதைக் கேலி செய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் காகிதம் செய்யும் உபகாரம் சின்னதல்ல. ‘நாகசுரக் கலை’ என்று வருகிறவரை ‘மல்லாரி’க்கும், அங்கிருந்து ‘ஒரு கோயிலில் தளிகை மல்லாரி வாசிக்கும் முறை’க்கும் இழுத்து வருவது அதுதான். தேருக்கு, தீர்த்தத்துக்கு, தளிகைக்கு என்று மல்லாரிகள் தனித்தனி. எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போய்க் கேட்டு முடிக்க ஒரு ஆயுள் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளோ பொதுவாக 3 முதல் 6 ஆண்டுதான் தருகின்றன.

கோளாறு வரிசையில் இருக்கிறது. மாணவர் எதையும் உட்கார்ந்து கேட்பதற்கு முன்பே படிவம் முடிவைக் கேட்டுவிடுகிறது. கைவசம் கேள்வி இல்லாதவர் ‘வாழ்வும் பணியும்’ என்ற தலைப்பில் தஞ்சமடைகிறார். முதல் இயல் சிலப்பதிகாரத்தில் தொடங்கி, ஐந்தாம் இயல் அரசுக்குப் பரிந்துரைகளோடு முடியும். அரங்கேற்று காதையைத் தொடாத ஆய்வேட்டை நான் அபூர்வமாகவே புரட்டியிருக்கிறேன், தலைப்பு கிதாராக இருந்தாலும்.

வேறு மாதிரியும் ஆரம்பிக்கலாம். புதிதாக வருகிறவரிடம் பழைய தோடி ஆலாபனையில் 30 வினாடியை வெட்டிக் கொடுத்து ஸ்வரப்படுத்தச் சொல்லுங்கள். ஓரிடத்தில் ‘க’ என்று எழுதுவார். அதே துண்டை சோனிக் விஷுவலைசரில் திறந்தால், திரையில் காந்தாரம் என்று ஒரு நேர்கோடே கிடையாது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும் வளைவுதான் தெரியும். “அப்போ நான் எதைக் ‘க’ன்னு எழுதினேன்?” என்று அவர் திகைக்கிற இடத்தில் ஆய்வு தொடங்குகிறது. ஆட்டத்தின் வேகம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியதா, வாய்ப்பாட்டிலும் வீணையிலும் ஒன்றா என்று கேள்விகள் தானாக வரும். படிவம் அப்போது வரட்டும்.

நெறியாளர் தவிர்க்க முடியாதவராவதும் இங்கேதான். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம். அதை அறியாத மாணவர் தட்டுகளை அளந்துவிட்டு, ‘அந்தக் காலத்தில் ஆலாபனை சுருக்கம்’ என்று எழுதிவிடுவார். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்த வாக்கியம் முதல் வரைவோடு போய்விடும்.

ஆனால் பல துறைகளில் அந்த அனுபவசாலியே பாட்டு வாத்தியாராகவும் இருக்கிறார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் ஒரு கிருதியின் ஸ்வரக்குறிப்பு, மாணவியின் குரு சொல்லிக் கொடுத்ததிலிருந்து விலகுகிறது என்று வையுங்கள். அதை அந்தக் குருவிடமே எந்த மாணவி எழுதிக் கொடுப்பாள்? ‘பாடபேதம் உண்டு’ என்று ஒரு வரியில் கடந்து போவாள். என்னைக் கேட்டால் படிவத்தைவிட இதுதான் பெரிய நோய். குருவையும் நெறியாளரையும் வெவ்வேறு ஆளாக வைத்தால் பாதி தீரும். சின்னத் துறைகளில் அதற்கு ஆள் கிடையாது என்பதும் உண்மை.

இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதருக்கு நெறியாளரும் இல்லை, சினாப்சிஸும் இல்லை. சுருதிக் கணக்கைப் பற்றிய சந்தேகம் இருந்தது, வைத்தியத்தில் சம்பாதித்த பணம் இருந்தது. 1916-இல் பரோடா மாநாட்டில் தம் கணக்கை வித்துவான்கள் முன் வைத்தபோது, அதைப் பாடிக் காட்டத் தம் பெண்களை அழைத்துப் போனார். அவர் எழுதிய கருணாமிர்த சாகரம் என்ற நூல் அடுத்த ஆண்டு வந்தது. அவருடைய முடிவுகளை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் தன் கணக்கைக் காதுகள் முன்னால் நிறுத்தினார்.

இன்றைய வைவாவில் பவர்பாயிண்ட் ஓடும், அட்டவணை வரும், சமோசா வரும், சுருதிப்பெட்டி வராது. “அந்த ஆறாவது அட்டவணையில் இருக்கிற பிரயோகத்தைக் கொஞ்சம் பாடும்மா” என்று கேட்ட தேர்வாளரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பாடினாள். அட்டவணையில் இருந்தது வேறு. பாதியில் நிறுத்திவிட்டுத் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.