காயைச் செய்தவன் எங்கே?

சகுனி காயை உருட்டினான். தருமன் நாட்டை இழந்தான், தம்பியரை இழந்தான், தன்னை இழந்தான், மனைவியையும் வைத்து இழந்தான். தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில், விடிய விடிய விழித்திருந்து இதைக் கண்டவர்கள் நாம். உருட்டியவனைப் பழித்தோம், தோற்றவனுக்கு இரங்கினோம், வாய்மூடி வீற்றிருந்த பெரியோரை ஏசினோம். ஆயினும் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்டதில்லை. அதைக் கேட்டவன் விருத்தாசலத்தில் நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன்.

குறளின் 94ஆம் அதிகாரமாகிய 'சூது' குறித்துப் பேசிக்கொண்டிருந்தோம். பீங்கான் சூளையில் உழைக்கும் தொழிலாளியின் மகன் எழுந்தான். "ஐயா, அந்தக் காயைச் செஞ்சது யாரு?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. சூதாட்ட மண்டபங்களில் பணத்துக்கு ஈடாக வைத்தாடும் வில்லைகளைப் 'பீங்கான் வில்லை' என்று பெயர் சூட்டி விற்பதைக் கைப்பேசியில் கண்டிருக்கிறான். "நம்ம ஊர்லயே செய்யலாமே ஐயா, அப்பாவுக்கு வேலை இருக்குமே" என்பது அவனுடைய அடுத்த பேச்சு.

அவன் கேட்டதில் பேராசை ஏதுமில்லை. நெய்வேலியின் வெண்களிமண் அருகிருக்க, பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்க ஒரு நிறுவனமும் பெற்ற ஊர் நம்முடையது. மின்சாரத்துக்கான பீங்கான் கட்டை, பொம்மை, அகல்விளக்கு என்று இங்கே செய்யாத பொருள் குறைவு. கொலுவும் கார்த்திகையும் வந்தால் ஓட்டம். மற்ற நாட்களில் வாட்டம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, விற்கும் பொருள் எதுவென்று தேடுவது குற்றமா? குற்றமில்லை. ஆனால் அவனுடைய முதற் கேள்விக்கு விடை தேடி நம் இலக்கியத்தைப் புரட்டியபோதுதான், எவ்வளவு பெரிய இடம் அங்கே வெறுமையாகக் கிடக்கிறது என்பதைக் கண்டோம்.

புகழேந்தியின் நளவெண்பாவை எடுத்துக்கொள்வோம். மூன்று காண்டங்கள். அவற்றுள் இரண்டு கலியின் பெயரைத் தாங்கியவை: கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம். நளன் ஏன் தோற்றான்? கலி பிடித்தான், தோற்றான். எப்போது மீண்டான்? கலி நீங்கினான், மீண்டான். வெண்பாவின் இனிமையில் நாமும் மயங்கியவர்களே, அதை மறுக்கவில்லை. எனினும் நாட்டையே விழுங்கிய ஒரு சூழ்ச்சிக்குக் கண்ணுக்குத் தெரியாத கலியன் பொறுப்பேற்றுக் கொள்வதால் யாருக்கு ஆதாயம்? காயைக் கடைந்தவனுக்கும் ஆட்டத்துக்கு அழைத்தவனுக்கும்தான்.

வில்லிபுத்தூரார் பாரதத்தில் சூதுபோர்ச் சருக்கம் என்றே ஒரு பகுதி உண்டு. அங்கும் ஆடுவோரே நடுநிற்கின்றனர். பாரதியார் ஒருபடி மேலே சென்றார். 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தில், நாட்டைப் பணயம் வைக்க மன்னனுக்கு உரிமை ஏது என்று கொதித்தார். அந்தக் கொதிப்பு தமிழுக்குப் புதியது. ஆனாலும் அவர் சினமும் ஆடியவனோடு நின்றது.

வள்ளுவர்தாம் உண்மைக்கு மிக அருகில் வந்தவர் என்போம். சூதில் வரும் வெற்றி, இரையென்று எண்ணி மீன் விழுங்கும் தூண்டில் போன்றது என்பது அவர் கருத்து. தூண்டில் தானாக முளைப்பதில்லை. அதை வளைத்தவன் ஒருவன் உண்டு, நீரில் இட்டவன் ஒருவன் உண்டு. இந்த உவமையை உரைக்கும் ஆசிரியர்கள் — நம்மையும் சேர்த்துத்தான் — மீனின் பேராசையை விரித்துரைத்துவிட்டு மணி அடித்ததும் வெளியேறி விடுகிறோம்.

விந்தை என்னவென்றால், ஏட்டுப் புலவர்கள் விட்டதை எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் விடவில்லை. சகுனியின் காய்கள் அவன் தந்தையின் எலும்பால் ஆனவை, அதனால்தான் அவன் சொன்னபடி விழுந்தன என்றொரு கதை ஊர்ப்புறங்களில் வழங்குகிறது. பகுத்தறிவுக்கு எலும்பு பேசாதுதான். ஆயினும் அக்கதையின் உட்பொருளைப் பாருங்கள்: காய் எப்படி விழும் என்பது உருட்டும்போது முடிவாவதன்று; செய்யும்போதே முடிவாகிவிட்டது! புலவர் விதி என்றார். பாமரன் வேலைப்பாடு என்றான். திறனாய்வாளராகிய நாம் பாமரன் பக்கம் நிற்கிறோம்.

ஏனெனில் இன்றைய சூதாட்டப் பொறி அவன் சொன்னதையே மெய்ப்பிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்பவர் மூன்று உருளைகள் சுழலும் பொறியை அமைத்தார். உருளைக்கு இருபது படம் இருப்பதாக வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட ஒரு படம் மூன்றிலும் வந்து நிற்கும் வாய்ப்பு 8,000இல் ஒன்று. கண்ணால் எண்ணிப் பார்க்கலாம். 1984இல் இங்கே டெல்னஸ் என்பவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை இந்தக் கண்ணையே ஏமாற்றியது. உருளை எங்கே நிற்பது என்பதை உள்ளிருக்கும் கணிப்பொறி முன்கூட்டியே முடிவு செய்யும். கண்ணுக்குத் தெரிவது இருபது இடம். உள்ளே இருக்கும் பட்டியலிலோ அறுபத்து நான்கு எண்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே பெரும்பரிசு என்றால், மூன்று உருளைக்கும் சேர்த்து வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. பரிசுப் படத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு எண்களை மிகுதியாக ஒதுக்கிவிட்டால், ஆடுபவர் ஒவ்வொரு முறையும் 'மயிரிழையில் தவறிவிட்டதே' என்று எண்ணி மீண்டும் காசு போடுவார். இதுதான் கலிதொடர் காண்டம்! இந்தக் கலியனுக்குக் காப்புரிமை எண்கூட உண்டு: 4448419.

இன்னொரு கணக்கும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இத்தகைய பொறி, போடும் பணத்தில் குறைந்தது 75 விழுக்காட்டையேனும் சராசரியாகத் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. 90 விழுக்காடு தரும் 'நல்ல' பொறி என்றே கொள்வோம். நூறு ரூபாயைப் போட்டு, வந்ததை மறுபடி போட்டுப் பத்துச் சுற்று ஆடினால், சராசரியாகக் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 35 ரூபாய். ஊழ்வினை எதற்கு? பெருக்கல் வாய்பாடு போதும்.

இதைச் செய்வோர் சிறு கைவினைஞர் அல்லர். ஆஸ்திரேலியாவில் பல் மருத்துவக் கருவிகள் செய்துவந்த லென் ஐன்ஸ்வொர்த், 1953இல் தொடங்கிய அரிஸ்டோக்ராட் நிறுவனம் இன்று உலகின் முன்னணிப் பொறி உற்பத்தியாளர்களுள் ஒன்று. 2025 ஜூலையில் ஐ.ஜி.டி.யின் சூதாட்டப் பிரிவையும் எவரி என்னும் நிறுவனத்தையும் அப்பல்லோ என்ற முதலீட்டு நிறுவனத்தின் நிதிகள் வாங்கி ஒன்றாக்கின. விலை ஏறத்தாழ 630 கோடி டாலர். நம் நாட்டிலும் கோவா தன் சட்டத்தை 1992இல் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளில் பொறிகளுக்கு இடம் தந்தது. 1996இல் கப்பலிலும் ஆடலாம் என்றது. நடாஷா டோ ஷூல் என்னும் மானிடவியலாளர் லாஸ் வேகாசில் ஆய்ந்து 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆடி அழிந்தவர்களோடு அவர் நிற்கவில்லை. பொறியை வடிவமைத்தவர்களையும் தேடிச் சென்று பேசவைத்தார். அப்படியொரு நூலை எழுதத் தமிழில் எழுத்தாளர் இல்லையா? இருக்கிறார்கள். தோற்ற குடும்பத்தலைவனைத் திருத்தும் கதையை அவர்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை, அவ்வளவே.

சட்டமோ இலக்கியத்தை முந்திவிட்டது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழ்நாடு 2022இல் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவோர்க்கும் விளம்பரம் செய்வோர்க்கும் தண்டனை வைத்தது, ஆடுவோர்க்கு வைக்கவில்லை. தருமனை விட்டுவிட்டுச் சகுனியைப் பிடிக்கிறது.

சிலர் கேட்பர்: நம் இயக்கத்தின் ஆட்சிதானே 1968இல் பரிசுச்சீட்டைத் தொடங்கியது? ஆம், மறைப்பதற்கில்லை. அரசுக்கு வருவாய் வேண்டும் என்ற நல்லெண்ணமே ஆயினும், ஏழையின் கைக்காசு அதில் கரைந்தது. 2003இல் அது தடைசெய்யப்பட்டபோது, ஆடியவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. சீட்டு அச்சிட்ட சிவகாசித் தொழிலாளிக்கும் தெருவில் விற்ற மாற்றுத்திறனாளிக்கும் பிழைப்பு போயிற்று. இலாபம் கண்ட பெருமுகவர்கள் வேறு மாநிலம் தேடிக்கொண்டனர். நம் மாணவன் தன் தந்தைக்குக் கேட்கும் வேலையும் இந்தச் சிவகாசித் தொழிலாளியின் வேலையே.

மறுநாள் அவனை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னோம். கீழடியில் சுட்ட மண்ணால் ஆன ஆட்டக்காய்கள் கிடைத்ததைச் சொன்னபோது முகம் மலர்ந்தான். பிறகு, 'பீங்கான் வில்லை' என்று விற்பதில் பீங்கானே கிடையாது, அது வார்த்தெடுத்த பிளாஸ்டிக், சூளைக்குப் போவதே இல்லை என்றோம். சற்று நேரம் பேசாமல் நின்றான். "பேரு மட்டும் நம்முதா ஐயா?" என்று கேட்டுவிட்டு, வகுப்புக்குப் போனான்.