பந்தைத் தொடாத ஆட்டக்காரர்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 'டேக்கிள்' என்ற தடுப்பாளர் இடத்தில் ஆடுபவரின் கைக்குப் பந்து வருவதே அபூர்வம். கேமராவும் அவரைத் தேடாது. நான் அவரைத்தான் பார்ப்பேன். ஒரு கை தரையில், இடுப்பு தாழ்வாக. பந்து அசைந்த கணமே சிறிய முதல் அடி, உள்ளங்கைகள் எதிராளியின் மார்பில். அந்த அடி பிசகினால், பின்னால் பந்தை எறிய நிற்கும் குவார்ட்டர்பேக் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

மரியோ கிறிஸ்டோபால் அப்படி ஆடியவர். 1989, 1991 ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்ற மயாமி அணியில் இருந்தார். பிறகு வேறொரு கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், 2012-ல் அந்த வேலை போனது. மறு ஆண்டே அலபாமாவில் தடுப்பாளர்களுக்கு மட்டும் பயிற்சி தரும் பொறுப்பு. பதவியில் ஒரு படி கீழேதான். அதை ஏற்றார். பின்னர் ஒரிகான் அணி. 2022 முதல், தான் ஆடிய அதே மயாமிக்கே தலைமைப் பயிற்சியாளர்.