தீட்டிய பாரிஸ்

தந்திரக் காட்சி என்ற சொல்லை நம் வட்டத்தில் ஏளனமாகவே உச்சரிக்கிறோம். சரித்திரப் படம் என்றால் ஏளனம் இரட்டிப்பாகிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு. எரிக் ரோமேரின் 'ஆங்கிலப் பெண்மணியும் கோமகனும்' (2001) படத்தைப் பார்த்த பிறகு அதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் நேரெதிரான ஓர் உதாரணம். ரிட்லி ஸ்காட்டின் 'கிளாடியேட்டர்' (2000) படத்துக்காக ரோமாபுரி அரங்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மால்டாத் தீவில் கட்டினார்கள். மேலடுக்குகளையும் கூட்டத்தின் பெரும்பகுதியையும் கணிப்பொறி நிரப்பியது. 1999 மே மாதம், படப்பிடிப்பு முடியும் முன்பே, நடிகர் ஆலிவர் ரீட் இறந்துபோனார். ஏற்கெனவே எடுத்திருந்த அவர் முகத்தை வேறொருவர் உடலில் பொருத்தி மிச்சக் காட்சிகளை முடித்தார்கள். கல் எங்கே முடிகிறது, இறந்தவர் எங்கே தொடங்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படித் தெரியாமல் செய்ததற்குத்தான் ஆஸ்கார். உழைத்தவர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தத் திறமை என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: நம்பு, கேள்வி கேட்காதே.

வங்கியில் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. மாதிரியிலிருந்து இம்மியும் பிசகாத கையெழுத்தைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். எவனும் தன் பெயரை இருமுறை ஒரேமாதிரி எழுதுவதில்லை. பார்த்து வரைகிறவன்தான் பிசகாமல் வரைவான். திரையில் பிசகில்லாத பழங்காலத்தைப் பார்க்கும்போதும் இந்தச் சந்தேகம் எனக்கு விழித்துக்கொள்கிறது.

ரோமேரின் படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 81. பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸில் வாழ்ந்த கிரேஸ் எலியட்டின் நினைவுக் குறிப்புகளே படத்துக்கு ஆதாரம். அந்தப் பாரிஸ் இன்று இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஓஸ்மான் அதன் பெரும்பகுதியை இடித்து அகன்ற வீதிகளாக்கிவிட்டார். ரோமேர் அதைத் திரும்பக் கட்டவில்லை. ழான்-பாப்தீஸ்த் மாரோ என்ற ஓவியரைக் கொண்டு தெருக்களையும் சதுக்கங்களையும் அக்காலச் சித்திரங்களின் பாணியில் தீட்டச் செய்தார். 30க்கும் மேற்பட்ட ஓவியங்கள். நடிகர்களைப் பச்சைத் திரையின் முன் நடிக்கவைத்து, கணிப்பொறி மூலம் அவற்றுக்குள் இறக்கினார். ஆக, உத்தி ஸ்காட்டுடையதற்கு அந்நியமானதல்ல. ஆனால் இங்கே ஓவியம் ஓவியமாகவே தெரிகிறது. தீட்டிய தெருவில் மனிதர்கள் நடக்கிறார்கள், தீட்டிய வானம் அசையாமல் நிற்கிறது. காமிராவும் வெளிப்புறங்களில் பெரும்பாலும் அசைவதில்லை. இறந்த காலத்திலிருந்து நமக்கு மிஞ்சியவை சில சித்திரங்களும் எழுத்துகளுமே என்ற பிரக்ஞை ஒவ்வொரு சட்டத்திலும் இருக்கிறது.

1793 ஜனவரி 21. பதினாறாம் லூயியின் தலை விழும் நாள். கிரேஸின் முன்னாள் காதலரான ஓர்லெயான் கோமகனும் அந்த மரணத்துக்கு வாக்களித்தவர். மெய்தோன் குன்றில் கிரேஸும் பணிப்பெண்ணும் நிற்கிறார்கள். பாரிஸ் தொலைவில் ஒரு தீற்றலாகக் கிடக்கிறது. பணிப்பெண் தொலைநோக்கியில் பார்க்கிறாள். கிரேஸ் பார்க்க மறுக்கிறாள். ஆயிரக்கணக்கான தலைகளைப் பெருக்கிக் காட்டும் வசதி கையிலிருந்தும், ரோமேர் நம்மைக் குன்றிலேயே நிறுத்திவிடுகிறார். பார்க்காதவளின் முகத்தில் நமக்கு அந்த மரணம் கிடைக்கிறது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தத் தெருக்களைக் கிரேஸின் வர்க்கக் கண்ணே பார்க்கிறது. 1792 செப்டம்பரில் லாம்பால் சீமாட்டியின் தலையை ஈட்டியில் குத்தி ஏந்திவரும் கும்பலைப் பார்க்கிறோம். அந்தக் கும்பல் எந்த வீட்டிலிருந்து, எத்தனை நாள் பசியோடு வந்தது என்று படம் கேட்பதே இல்லை. தீட்டிய வீடுகளின் கதவுகள் திறப்பதில்லை. ரோமேர் மன்னராட்சியின் பக்கம் சாய்கிறார் என்று பிரான்ஸில் எழுந்த கண்டனத்தை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

ஆனால் இந்தக் கேள்வியை எனக்குச் சாத்தியமாக்கியதும் அதே தூரிகைதான். யாரோ ஒருவர் தீட்டியது என்று தெரிவதால், யார், எங்கே நின்று தீட்டினார் என்று கேட்கிறேன். மால்டா அரங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவே இல்லை. ரோமேரோடு நான் உடன்படவில்லை. ஆனால் மறுப்பதற்கு அங்கே ஒரு கையெழுத்து இருக்கிறது.